சுண்ணாம்புக் கோடும் ஒரு சென்டர் ஹாஃபும்

சுண்ணாம்புக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டரே கோடு போட்டார். நான் போடுகிறேன் என்று கான்ஸ்டபிள் கையை நீட்டினார். இவர் கொடுக்கவில்லை. ஆலங்காயத்துச் சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில் காட்டிலாகாவின் கேட் ஒன்று இருந்தது. அதை ஒட்டிய மைதானத்தில், கேட்டுக் கம்பத்துக்கு நேராக, குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. போட்டு முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு பாலிந்த்தைக் கூப்பிட்டார்.

"இத பாரு தொர. கோட்டுக்கு மேல மலை. மேல நீ இன்னா வேணா ஆடு. கீழ ஒரு கால் வெச்ச, நேரா முகாமுதான். அப்புறம் என்னைக் கேக்காத."

பாலிந்த் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான்.

"கோடு வளைஞ்சி போச்சி, சார்" என்றான்.

எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மனுஷனை முள்வேலிக்குள் போடுவேன் என்கிறார் அவர். இவனுக்குக் கோடு வளைந்ததுதான் கவலை!

பாலிந்த் என்னைவிட மூத்தவர், 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். எழுத வரமாட்டேன் என்கிறது. அந்த ஆள் எங்களைப் படுத்திய பாட்டுக்கு 'அவன்' என்பதே பெரிய மரியாதை.

எதிரி நாட்டான்

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது ஜவ்வாது மலைமேல் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று அறை, ஒரு ஸ்டவ், டிங்சர் வாசனை, அவ்வளவுதான். டாக்டர் எப்போதாவது குதிரையில் வருவார். மற்ற நாளெல்லாம் டாக்டரும் நான், கம்பவுண்டரும் நான், பெருக்குகிறவளும் நான்.

இப்போது காவலூரில் நட்சத்திரம் பார்க்க என்னென்னவோ கட்டியிருக்கிறார்கள், பஸ் போகிறது. அன்றைக்கு இருந்தது ஒரு மண் ரோடும், மிஷனுடைய ஒரே ஒரு லாரியும்தான்.

அந்த லாரியை ஓட்டுகிறவன் பாலிந்த். ஹங்கேரிக்காரன். அப்படி ஒரு தேசம் இருப்பதே அவன் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சின்னாண்டிக்குக் கடைசிவரை தெரியாது. சின்னாண்டி சாமை விதைக்கிற மலைக்காரன், எங்கள் ஊர்க் கால்பந்துக் கட்சிக்குத் தலைவன். 'அங்கேரி' பெங்களூருக்குக் கொஞ்சம் அந்தாண்டை இருக்கிறது என்பது அவன் எண்ணம்.

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம். லாரிக்குப் பின்னால் கொப்பரை மாதிரி ஒரு டிரம்மைப் பொருத்தி, அதில் கரியை மூட்டி, அந்தப் புகையிலேயே வண்டியை ஓட்டினான் பாலிந்த். மற்றவர்கள் மூட்டினால் அந்த வண்டி இருமும். அவன் மூட்டினால்தான் ஓடும். "வேற யாரையாச்சும் பழக்கி வைய்யா, உனக்கு ஒரு ஜுரம் வந்தா நான் இன்னா பண்றது?" என்று கத்திப் பார்த்தேன். "நாளைக்கி, நர்சம்மா" என்பான். அவனுக்குத் திருத்தமாக வந்த தமிழ் வார்த்தை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அவன் தேசம் ஜெர்மனியோடு சேர்ந்துகொண்டு சண்டையில் இறங்கியதாம். அங்கே எவனோ எதிலோ கையெழுத்துப் போட, இங்கே புளியமரத்தடியில் லாரிக்கு அடியில் படுத்துக்கிடந்தவன் எதிரியாகிவிட்டான். எதிரி நாட்டாரை அடைத்துவைக்கிற முகாமுக்குக் கொண்டுபோகப் போலீஸ் வந்தது. எங்கள் பங்குச் சாமியார் ஜாமீன் நின்றார். அதனால் முகாமுக்கு அனுப்பாமல், மலையைவிட்டு இறங்கக்கூடாது என்ற உத்தரவோடு விட்டார்கள்.

இதில் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். பிரசவத்தில் சிக்கல் என்றால் ஆலங்காயத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பாலிந்த் பிள்ளைத்தாய்ச்சியை லாரியில் கேட் வரைக்கும் கொண்டுவருவான். அதற்கு மேல் சட்டம் விடாது. வலியில் துடிக்கிறவளை இறக்கி, மாட்டுவண்டியில் ஏற்றுவோம். நல்ல லாரி அங்கேயே நின்று புகை விட்டுக்கொண்டிருக்கும். மாட்டுவண்டி ஆடி அசைந்து போகும். அந்த உத்தரவை எழுதின புண்ணியவான் ஒருநாளாவது அந்த வண்டியில் படுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனாலும் அந்தப் பாதி வழியே எங்களுக்குப் பெரிசு. கேட் வரைக்குமான அந்த இறக்கம்தான் தூளியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தால் உயிரைக் குடிக்கிறது. பாலிந்த் போனால் லாரி போச்சு. லாரி போனால் என் கேஸுகள் போச்சு. இதை நான் சாமியாருக்குச் சொன்னேன், சின்னாண்டிக்குச் சொன்னேன், பாலிந்த்துக்கே சொன்னேன். யார் காதிலாவது ஏறினால்தானே!

ஆடறதுக்குக் கூலி

லாரிக்காரனுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். லாரி அவனுக்குப் பிழைப்பு. தொழில் பந்துதான். அதைச் சொல்லிச் சொல்லியே என் பிராணனை வாங்கினான். என் சொந்த அண்ணன் என்ன உத்தியோகம் பார்த்தான் என்றால் யோசித்துத்தான் சொல்வேன். பாலிந்த் எந்த மழையில் எந்த ஊரில் எந்தக் காலால் ஆடினான் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

புடாபெஸ்ட்டுக்கு வெளியே செங்கல் சூளைப் பக்கம் பிறந்தவன். அம்மாவின் பழைய காலுறைக்குள் கந்தலைத் திணித்துப் பந்து. பகலில் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், சாயங்காலம் ஆட்டம். அப்போதுதான் அந்த ஊரில் பந்து ஆடச் சம்பளம் கொடுக்கலாம் என்று சட்டம் வந்ததாம். ஒரு கிளப்பில் இவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் சின்னாண்டி ஒவ்வொரு தடவையும் நிறுத்துவான்.

"ஆடறதுக்குக் கூலியா?"

"ஆமா."

"மழ வந்தா?"

"மழையில கூட ஆடுவோம்."

"அப்ப வெளையாட்டு இன்னாத்துக்கு? அதான் வேலையாப் பூட்ச்சே!"

பாலிந்த் யோசிப்பான். மறுநாள் அதே கதையை முதலிலிருந்து தொடங்குவான்.

அவன் ஆடிய இடம் நடு. சென்டர் ஹாஃப் என்பார்கள். முன்னாலும் ஓட வேண்டும், பின்னாலும் ஓட வேண்டும். "நான் கோல் போடற ஆளு இல்ல, நர்சம்மா. கோல் போடறவனுக்குச் சோறு போடற ஆளு" என்பான். சொல்லும்போது மார்பு இரண்டு அங்குலம் நிமிரும். புடாபெஸ்ட்டிலிருந்து இத்தாலி, அங்கிருந்து பிரான்ஸ். எங்கே போனாலும் ஒரு முதலாளியோடு சண்டை, உடனே மூட்டை கட்டல். தேசத்துக்காக ஆட ஒரே ஒருமுறை கூப்பிட்டார்கள். அந்தக் கதையை மட்டும் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறேன். ஒன்றில் ஜுரம். ஒன்றில் ரயில் தவறிவிட்டது. ஒன்றில் உடுப்பு மாட்டி, பூட்ஸ் கட்டி, உட்கார்ந்தே இருந்தான், யாரும் கூப்பிடவில்லை. மூன்றாவதை ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அதைத்தான் நான் நம்பினேன்.

பிறகு கீழை நாடுகளைச் சுற்றி ஆட ஒரு கூட்டம் கப்பலேறியது, இவனும் ஏறினான். மதராஸில் ஆடும்போது முழங்கால் போச்சு. இவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கூட்டம் கப்பலேறிவிட்டது. எழுந்து நடமாட முடிந்ததும் பழைய ஃபிட்டர் வேலையைத் தேடிக்கொண்டான். அவன் வேலை பார்த்த பட்டறைக்குச் சாமியார் பழைய லாரி வாங்கப் போனார். லாரியோடு இவனையும் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு ஐரோப்பிய ஆட்டக்காரனின் வாழ்க்கை எங்கள் மலைக்கு வந்து சேர்ந்த விதம் இதுதான்.

யோ, வாய்யா

வந்தவன் சும்மா இருந்தானா? வாணியம்பாடித் தோல் மண்டிக்காரர் ஒருவரைப் பிடித்து ஒரு பந்து தைத்து வாங்கினான். சாமை அறுத்த நிலத்தில் சின்னாண்டி கூட்டத்தை நிறுத்திவைத்துப் பழக்க ஆரம்பித்தான். அன்றிலிருந்து என் ஆஸ்பத்திரியில் சுளுக்கும் நகம் பெயர்ந்ததும்தான்.

பாஷைதான் பெரிய தலைவலி. அவர்கள் பாஷையில் 'நல்லது' என்பதற்கு 'யோ' என்று சொல்லவேண்டுமாம். யாராவது நன்றாக உதைத்தால் "யோ! யோ!" என்று கத்துவான். எங்கள் பக்கத்தில் பெரியவர்களை யாராவது 'யோவ்' என்பார்களா? வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்கவுண்டர் காலடிக்குப் பந்து உருண்டது. மனுஷர் மரியாதையாகத் திருப்பி உதைத்தார். இவன் கையைத் தூக்கி, "யோ! யோ!" என்றான்.

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"இன்னா நர்சம்மா, உங்க தொர என்னைப் போயி யோவ்ங்கறான்? எங்க வூட்டு மாடு மேய்க்கறவன்கூட அப்பிடிக் கூப்ட மாட்டான்!"

நான் விளக்கி, பாலிந்த்தை இழுத்துவந்து, காலில் விழாத குறையாகச் சமாதானம் செய்தேன். அவர் தணிந்து புறப்பட்டார். பாலிந்த்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னாலிருந்து, "யோ!" என்றான். போதுமடா சாமி என்று உள்ளே போய்விட்டேன்.

அதைவிட மோசம் இன்னொரு வார்த்தை. அவர்கள் பாஷையில் 'பொறு, நில்' என்பதற்கு 'வார்ய்' என்று ஒரு சொல். எனக்கு அது ஊசி போடும்போது தெரிந்தது. முழங்காலுக்கு ஊசியோடு போனால் "வார்ய், வார்ய்" என்று காலை இழுத்துக்கொள்வான். "வர்றேன்னு சொல்லிக்கினே இழுத்துக்கறியேய்யா" என்று அதட்டியபோது அர்த்தம் சொன்னான். ஆனால் மைதானத்தில் இருந்தவர்களுக்கு யார் சொல்வது? அவன் "வார்ய்!" என்று கத்தினால் அவர்கள் காதில் "வாய்யா!" என்று விழுந்தது. நில் என்கிறான், மொத்தப் பேரும் ஓடிவருகிறார்கள். இவன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு இன்னும் உரக்கக் கத்துவான். கோல்கீப்பரும் ஓடிவந்துவிடுவான்.

திருத்திப் பார்த்தான், முடியவில்லை. கடைசியில் அவனே மாறிவிட்டான். யாராவது வரவேண்டும் என்றால் 'வார்ய்' என்று கூப்பிட ஆரம்பித்தான். லாரியைப் பின்னால் எடுக்கும்போது க்ளீனர் "வாய்யா வாய்யா" என்றால் வருவான். தாய்மொழியில் 'நில்' என்கிற சொல்லுக்குத் தமிழில் 'வா' என்று பழகிப்போனான்.

கோட்டோரம்

அந்த இன்ஸ்பெக்டருக்குப் பந்துப் பைத்தியம். போலீசும் காட்டிலாகா கார்டுகளுமாக ஒரு கட்சி வைத்திருந்தார். சம்பளம் வாங்கி ஆடின வெள்ளைக்காரன் ஒருத்தன் தன் எல்லையில் இருக்கிறான், அவனை ஜெயிக்காமல் எப்படி இருப்பது? உத்தரவுப்படி அவனைக் கீழே கொண்டுபோக முடியாது. அதற்குத்தான் கேட்டோரத்து மைதானம். பாதி மைதானம் மலையில், பாதி கீழே. பாலிந்த் மேல் பாதியில் மட்டும் ஆடினால் உத்தரவும் மீறியதாகாது, ஆட்டமும் நடக்கும் என்று கணக்குப் போட்டார்.

நான் சாமியாரிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"சாமி, வேணாம். நடுவுல ஆடறவனை நடுக்கோட்டைத் தாண்டாதேன்னா நடக்கற காரியமா? போனான்னா லாரிய யாரு ஓட்டுவா? நீங்க ஓட்டுவீங்களா?"

"அவன் வாக்குக் குடுத்திருக்கானே, மேரி."

"நாளைக்கின்னு கூடத்தான் தெனம் வாக்குக் குடுக்கறான்!"

சாமியார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதோடு விட்டார்களா? ஆட்டத்தன்று வேலூரிலிருந்து பெரிய துரை ஒருவரை வரவழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார் இன்ஸ்பெக்டர். தன் கட்சி ஜெயிப்பதை அவர் பார்க்க வேண்டுமாம். கண்டும் காணாமல் விடலாம் என்று இருந்த ஒரே வழியும் அடைபட்டது.

முதல் பாதி நன்றாகத்தான் போனது. எங்கள் பக்கம் மேலே. பாலிந்த் தன் பாதியிலேயே நின்று, கோடு வரைக்கும் போய், அங்கிருந்து நீள நீளமாகப் பந்தை அனுப்பினான். முழங்காலில் நான் கட்டிய பட்டைத்துணி அழுக்காகவே இல்லை. சின்னாண்டி ஒரு கோல் போட்டான். ஜனங்கள் தம்பட்டம் அடித்தார்கள். சரி, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் பக்கம் மாற வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது! எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. இத்தனை கணக்குப் போட்ட இன்ஸ்பெக்டருக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆட்கள் இப்போது கீழ்ப்பக்கம் நின்று காக்க வேண்டும். பாலிந்த் அங்கே போக முடியாது. எதிராளியின் பாதியில், கோட்டோரமாக, ஒண்டியாக நின்றான். கீழே அவன் பழக்கிய கூட்டத்தைப் பூட்ஸ் போட்ட கார்டுகள் பிய்த்து எடுத்தார்கள். ஒரு கோல் திருப்பிவிட்டார்கள். இவன் கோட்டோடு கோடாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக் கத்தினான், தமிழில் பாதி, எதிலோ பாதி. பார்க்கப் பாவமாகவும் இருந்தது, போய் ஒரு அறை விடலாம் என்றும் இருந்தது.

ஆட்டம் முடியப்போகிற நேரம். சின்னாண்டி பந்தைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடிவந்தான். கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு கார்டு காலை வாரிவிட்டான். சின்னாண்டி குப்புற விழுந்தான். பந்து கோட்டுக்குக் கீழ்ப்பக்கம், பாலிந்த்துக்கு எட்டிப்பிடிக்கிற தூரத்தில், அப்படியே நின்றது. அதை நோக்கி இன்னொரு கார்டு ஓடிவருகிறான்.

பாலிந்த்தின் முகத்தைப் பார்த்தேன். தாண்டப்போகிறான் என்று தெரிந்துவிட்டது. தமிழில் கத்தினால் இந்தச் சந்தடியில் காதில் ஏறாது, அவன் பாஷையில் சொன்னாலாவது நிற்பான் என்று, தொண்டை கிழியக் கத்தினேன்.

"வார்ய்! பாலிந்த், வார்ய்!"

திரும்பி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் வந்த மலர்ச்சியை என்னவென்று சொல்ல! நானே கூப்பிட்டுவிட்டேன் என்பதுபோல, ஒரே தாவலில் கோட்டைத் தாண்டினான். பந்தைக் காலில் வாங்கினான். கார்டு இவன்மேல் மோதுவதற்குள், எழுந்து ஓட ஆரம்பித்திருந்த சின்னாண்டிக்கு முன்னால் அதை மெதுவாகத் தள்ளிவிட்டான். சின்னாண்டி உதைத்தான். கோல்.

மலையே கத்தியது. துரை நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். கைத்தடியால் சுண்ணாம்பைக் காட்டினார். கோட்டுக்குக் கீழே ஒரு பூட்ஸ் தடம், ஆணியெல்லாம் தெரியப் பளிச்சென்று பதிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பாவம், அவர் முகம் செத்துப்போனது.

நான் மைதானத்துக்குள்ளேயே போய்க் கத்தினேன். "உன் பாஷையிலதானேய்யா நில்லுன்னு சொன்னேன்!"

"நீங்க சொன்னீங்க நர்சம்மா. உங்க வாயில வந்தா அது தமிழ்தானே?"

அது நிஜமா, சமயத்துக்கு வந்த சாமர்த்தியமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலும் அவன் தாண்டித்தான் இருப்பான். உடுப்பு மாட்டி, பூட்ஸ் கட்டி, உட்கார்ந்திருந்தது ஒருமுறை போதும் என்று நினைத்தானோ என்னவோ. நினைக்கட்டும். என் கேஸுகளை நினைத்தானா?

போலீஸ் வேன்

அவனை முகாமுக்கு அழைத்துப்போக வேன் வந்த அன்றைக்கே, பார்த்து வைத்ததுபோல, மேல் கிராமத்திலிருந்து வேடியம்மாவைத் தூளியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தது. என்னால் ஆகிற காரியமில்லை. லாரியை மூட்ட நேரமில்லை. போலீஸ் வேன் பெட்ரோலில் ஓடுவது, தயாராக நிற்கிறது. ஆனால் மலையேறி வந்த பயத்திலேயே அதன் டிரைவர், அவசரத்துக்கு இறக்கத்தில் ஓட்ட என்னால் ஆகாது என்று கீழே இறங்கிவிட்டார்.

"நான் ஓட்டறேன்" என்றான் பாலிந்த்.

கான்ஸ்டபிள் கையில் விலங்கு. அதையும் ஸ்டீரிங்கையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பையில் போட்டுக்கொண்டார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல மாட்டிக்கறேன், நர்சம்மா. இன்ஸ்பெக்டருகிட்ட சொல்லாதீங்க."

வளைவுக்கு வளைவு ஆரன் அடித்துக்கொண்டு, தண்ணீர்க் குடம் தளும்பாத மாதிரி இறக்கினான். வேடியம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் இருந்தேன். கேட் வந்தது. பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்தான்.

"போய்யா!" என்று கத்தினேன். "இப்ப யாரு உன்னைக் கேக்கப்போறாங்க? போ!"

போனான். மாட்டுவண்டி இல்லை, இறக்கி ஏற்றுவது இல்லை, நேரே ஆலங்காயம். எத்தனை பேரை அந்தக் கேட்டில் இறக்கியிருக்கிறோம்! அவனைக் கைதியாக்கின பிறகுதான் அந்த ரோட்டில் ஒழுங்காக ஓட்டவிட்டார்கள். வேடியம்மாவும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. வாசலில் அவன் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, இரண்டு கையையும் கான்ஸ்டபிளிடம் நீட்டினான். நான் ரத்தக் கையோடு உள்ளே ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை திட்டக்கூட நேரமில்லை.

பாலிந்த் போன பிறகு வந்த ஐப்பசி மழையில் சின்னாண்டியின் மனைவிக்கு வலி எடுத்தது. ராத்திரி முழுக்க என்னால் ஆனதைச் செய்தேன். விடிந்ததும் தூளியில் கட்டினோம். சின்னாண்டி முன்கம்பைத் தோளில் வாங்கிக்கொண்டான். வழுக்கு இறக்கம். பாதி வழியில் அவள் முனகுவது நின்றது. கேட் வரைக்குமாவது போய்விடலாம் என்று அவன் நிற்காமல் நடந்தான். நாடி இல்லாத அவள் கையைத் தூளிக்குள் வைத்து மூடிவிட்டு, நானும் பின்னால் நடந்தேன்.

திரும்பி வந்து ஷெட்டைத் திறந்து பார்த்தேன். லாரிக்கு ஒரு குறையும் இல்லை. கரிகூட நாலு மூட்டை அப்படியே இருந்தது, நனையாமல்.